கடாவுடன் சேர்த்த பின் முதல் மாதம்: தாய்ப் பன்றிக்குத் தீவனத்தைக் கூட்டுவதா, குறைப்பதா?

மாங்குளம்_வளர்ப்பாளர்:

அனைவருக்கும் வணக்கம். மாங்குளத்துக்கு அண்மையில் சிறிய அளவில் பன்றி வளர்த்து வருகிறேன். கடாவுடன் சேர்த்த பெண் பன்றிக்கு முதல் மாதத்தில் தீவனத்தைக் கூட்ட வேண்டும் என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்கிறார்கள். குறைக்க வேண்டும் என்று தீவனக் கடையில் சொல்கிறார்கள். இரண்டு தரப்பும் உறுதியாகச் சொல்வதால், காரணத்தோடு விளங்கிக்கொள்ள விரும்பியே இங்கு எழுதுகிறேன்.

என் முதல் ஈற்றுப் பன்றிகள் ஐந்து, ஆறு குட்டிகளுக்கு மேல் ஈனுவதில்லை. வேறு சில, மூன்று வாரம் கழிந்தும் வேட்கைக்கு வராததால் சினை பிடித்துவிட்டது என்று நான் நம்பியிருக்கும்போது, ஏறக்குறைய ஒரு மாதத்தில் மீண்டும் வேட்கைக்கு வந்துவிடுகின்றன. கடாவில் குறையில்லை, அதே கடாவுடன் சேர்த்த அயலவரின் தாய்ப் பன்றிகள் பத்துக்கு மேல் ஈனுகின்றன. சாப்பாட்டுக் கடை மிச்சம், நெல் ஆலைத் தவிடு, தேங்காய்ப் புண்ணாக்கு ஆகியவையே என் தீவனம். சேர்த்த நாளிலிருந்து நான் கூடுதலாகவே கொடுத்து வருகிறேன்.

ஓய்வுநிலை_கால்நடை_வைத்தியர்:

தம்பி, நீங்கள் சொன்னவற்றில் இரண்டு வகையான இழப்புகள் உள்ளன. அவற்றைப் பிரித்துப் பார்த்தால்தான் தீவனத்தைப் பற்றிப் பேச முடியும்.

பன்றியில் கருக்கட்டல் தவறுவது குறைவு. உரிய நேரத்தில் நல்ல கடாவுடன் சேர்த்தால், வெளியேறும் முட்டைகளில் 90 வீதத்துக்கும் அதிகமானவை கருக்கட்டிவிடும். இழப்பு அதன் பிறகே தொடங்குகிறது. முதல் முப்பது நாட்களுக்குள் முளையங்களில், அதாவது தொடக்க நிலைக் கருக்களில், 20 முதல் 30 வீதம் வரை இறப்பது வழமை. எடுத்துக்காட்டாக, பதினெட்டு முட்டைகளில் பதினேழு கருக்கட்டினால், முப்பதாம் நாளில் பன்னிரண்டோ பதின்மூன்றோதான் உயிருடன் இருக்கும். இந்த இழப்பு நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஏறக்குறைய முப்பத்தைந்தாம் நாளுக்கு முன், எலும்பு உருவாகாத நிலையில் இறக்கும் முளையத்தைத் தாயின் உடலே உறிஞ்சிவிடும். அதற்குப் பிறகு இறப்பவைதான் கருகி உலர்ந்த குட்டிகளாக ஈற்றின்போது வெளியே வருகின்றன.

அந்த முதல் வாரங்களில் கருப்பைக்குள் நடப்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் விடை அங்கேதான் இருக்கிறது. முட்டை வெளியேறி ஏறக்குறைய இரண்டு நாளில், நான்கு கல நிலையிலுள்ள முளையம் கருப்பைக்குள் வந்து சேர்கிறது. ஆறாம், ஏழாம் நாளில் தன் உறையை விட்டு வெளியேறுகிறது. பின்னர் பன்னிரண்டாம் நாள் வரை முளையங்கள் கருப்பையின் இரு கொம்புகளுக்கும் நகர்ந்து, ஒன்றுக்கொன்று இடம் விட்டு அமைகின்றன. பதினொன்று, பன்னிரண்டாம் நாட்களில், 10 மில்லிமீற்றர் அளவிலான சிறு உருண்டை சில மணித்தியாலங்களுக்குள் 100 மில்லிமீற்றரைத் தாண்டிய மெல்லிய நூலாக நீள்கிறது. அப்போது அது சுரக்கும் ஈஸ்திரஜன் ஓமோனைக் கொண்டே, சினை உண்டானதைத் தாயின் உடல் அறிந்துகொள்கிறது. அந்த நேரத்தில் குறைந்தது நான்கு முளையங்களாவது உயிருடன் இருந்து, இரு கொம்புகளிலும் பரவி இருக்க வேண்டும். இல்லையெனில் சினை நிலைக்காது. பன்றி 18 முதல் 24 நாட்களுக்குள் மீண்டும் வேட்கைக்கு வந்துவிடும்.

உங்கள் பன்றிகளோ ஒரு மாதம் அளவில் வருகின்றன. முளையங்கள் பன்னிரண்டாம் நாளைக் கடந்து, தாயும் அவற்றை ஏற்றுக்கொண்ட பிறகு, எல்லாமே இறந்திருக்கின்றன என்பதே அதன் பொருள். இதற்குத் தீவனத்தின் அளவை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. நோய், பூஞ்சணம், வெப்பம், இட மாற்றம் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். குட்டி எண்ணிக்கை குறைவது வேறு கதை. அங்கே முட்டைகளின் எண்ணிக்கை, அவற்றின் தரம், முதல் இரண்டு வாரப் பராமரிப்பு ஆகியவை முன்னுக்கு வருகின்றன.

அறிவியல்நகர்_மாணவி:

ஐயாவின் விளக்கத்தோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள விவசாய பீடத்தில் விலங்கு விஞ்ஞானம் படிக்கிறேன். "சேர்த்த பின் குறை" என்ற அறிவுரை எங்கிருந்து வந்தது என்பதை அறிந்தால், அதை எந்தப் பன்றிக்குப் பின்பற்றலாம் என்பதும் தெளிவாகும்.

முளையம் கருப்பையின் சுவரில் ஒட்டத் தொடங்குவது ஏறக்குறைய பதின்மூன்றாம் நாளுக்குப் பிறகுதான். அதுவரை கருப்பைச் சுரப்பிகள் வெளியிடும் திரவமே அதற்கு உணவு. இரும்பைக் கொண்டுசெல்லும் புரதமும் விற்றமின் ஏயைக் கொண்டுசெல்லும் புரதமும் அந்தத் திரவத்தில் உள்ளன. பன்றியின் சூல்வித்தகம் (நச்சுக்கொடி) தாயின் தசைக்குள் ஊடுருவாமல் மேலோட்டமாக ஒட்டுவதால், ஒட்டிய பிறகும் இந்தச் சுரப்பின் தேவை நீடிக்கிறது. சுரப்பை இயக்குவது, முட்டை வெளியேறிய பின் சூலகத்தில் உருவாகும் மஞ்சட்சடலத்திலிருந்து வரும் புரொஜெஸ்தரோன் ஓமோன். பன்றி அதிகமாக உண்ணும்போது குடலிலிருந்து ஈரலுக்குப் பாயும் குருதியின் அளவு கூடுகிறது. புரொஜெஸ்தரோனைச் சிதைப்பதும் ஈரலே ஆகையால், இரத்தத்தில் அதன் அளவு உயர வேண்டிய நேரத்தில் உயராமல் பின்தங்குகிறது. கருப்பையின் தயார்நிலையும் அதனோடு பின்தங்கி, முளையத்தின் வளர்ச்சியோடு ஒத்துப்போகாமல் விடுகிறது.

1990களில் கனடாவின் அல்பேட்டா பல்கலைக்கழகத்தில், இன்னும் ஈனாத கன்னிப் பன்றிகளில் செய்த ஆய்வுகள் இதைக் காட்டின. உடலைப் பேணத் தேவையான அளவைப்போல் ஒன்றரை மடங்கு பெற்றவற்றில் அதிக முளையங்கள் பிழைத்தன. இரண்டு மடங்கு பெற்றவற்றில் குறைவாகப் பிழைத்தன. சேர்த்த பின் வந்த முதல் இரண்டு, மூன்று நாட்களே முக்கியமானவையாக இருந்தன. அதிகம் உண்ட பன்றிகளுக்குப் புரொஜெஸ்தரோனை வெளியிலிருந்து கொடுத்தபோது முளையப் பிழைப்பு மீண்டும் உயர்ந்தது என்று வேறோர் ஆய்வு காட்டியதால், இந்தக் காரண விளக்கம் வலுப்பெற்றது.

ஆகவே மாங்குளம் அண்ணா தன் கன்னிப் பன்றிகளுக்கு, சேர்த்த நாளிலிருந்து முதல் ஒரு வாரமாவது கலப்புத் தீவனக் கணக்கில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 2 கிலோவுடன் நிறுத்துவதே நல்லது.

முருங்கன்_பெண்_வளர்ப்பாளர்:

தங்கச்சி எழுதியது நல்ல விளக்கம். ஆனால் இந்த அறிவுரையை எங்கள் பக்கத்தில் எல்லாப் பன்றிக்கும் ஒரே மாதிரிச் சொல்லிவிடுவதால் வரும் கேட்டை நான் பார்த்து வருகிறேன் என்பதால் மறுப்பாகச் சில வரிகள் எழுதுகிறேன்.

மன்னார்ப் பக்கத்தில் பன்றி வளர்ப்பவர்களில் பெரும்பாலானோர் குட்டிகளை ஆறு, ஏழு வாரம் வரை தாயிடம் விடுகிறார்கள். தவிட்டுக் கஞ்சியையும் புண்ணாக்கையும் மட்டும் தின்று ஒன்பது, பத்துக் குட்டிகளுக்குப் பால் கொடுக்கும் தாய், பால் மறக்கும் நாளில் முதுகெலும்பும் இடுப்பெலும்பும் தெரிய நிற்கும். குட்டிகளைப் பிரித்த ஒரு வாரத்துக்குள் வேட்கைக்கு வந்தவுடன் சேர்த்துவிட்டு, "இனிக் குறை" என்று சொல்லி அதற்குக் கொடுப்பதையும் பாதியாக்கினால், அந்த உடல் எதைக் கொண்டு பன்னிரண்டு உயிர்களைத் தாங்கும்? கொழுத்த கன்னிப் பன்றிக்குச் சொன்ன அறிவுரையை மெலிந்த தாய்க்குச் சொல்வது முறையன்று என்பது என் உறுதியான எண்ணம்.

முதல் ஈற்றில் மிகவும் மெலிந்துபோன தாயை, குட்டிகளைப் பிரித்த பின் வரும் முதல் வேட்கையில் நான் சேர்ப்பதில்லை. அந்த மூன்று வாரமும் நன்றாகத் தீவனம் கொடுத்து, அடுத்த வேட்கையில்தான் சேர்க்கிறேன். மூன்று வாரத் தீவனச் செலவு வீணாவது போலத் தோன்றும். ஈற்றில் கிடைக்கும் குட்டிகள் அதை ஈடுசெய்துவிடுகின்றன.

ஓய்வுநிலை_கால்நடை_வைத்தியர்:

அம்மா சொல்வது முழுக்கச் சரி. ஆய்வுகளும் அந்தப் பக்கமே பேசுகின்றன. நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தில் நடந்து 2011இல் வெளியான ஆய்வில், ஒன்று, இரண்டு ஈற்றுக் கண்ட இளம் தாய்ப் பன்றிகளுக்கு, சேர்த்த மூன்றாம் நாள் முதல் முப்பத்திரண்டாம் நாள் வரை வழமையைவிட 30 வீதம் கூடுதலாகத் தீவனம் கொடுத்தார்கள். முளையங்கள் குறையவில்லை; சராசரியாக இரண்டு குட்டிகள் கூடுதலாகப் பிறந்தன. பிந்திய ஆய்வுகள் சிலவற்றில் கன்னிப் பன்றிகளிலும் கூடுதல் தீவனம் தீங்கு செய்யவில்லை. சூலகத்திலிருந்து புரொஜெஸ்தரோனின் ஒரு பகுதி ஈரலைச் சுற்றாமல், அருகிலுள்ள குருதிக் குழாய்கள் வழியாக நேரடியாகக் கருப்பையை அடைகிறது. எனவே கழுத்து நாளத்தில் எடுத்த இரத்தத்தில் ஓமோன் குறைந்திருப்பதை மட்டும் வைத்துக் கருப்பையின் நிலையைத் தீர்மானித்துவிட முடியாது.

இந்த இழையில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது வேறொன்று. முளையத்தின் தலைவிதியில் பெரும்பகுதி, கடாவுடன் சேர்க்கும் நாளுக்கு முன்பே எழுதப்பட்டுவிடுகிறது. பால் கொடுக்கும் கடைசி வாரத்தில் முதல் ஈற்றுத் தாய்களின் தீவனத்தைக் கட்டுப்படுத்திய ஆய்வும் அல்பேட்டாவிலேயே நடந்தது. அவற்றுக்குப் பால் மறந்த பின் வேறு எந்தக் குறையும் வைக்கப்படவில்லை; ஆனாலும் அடுத்த சினையில் முளையப் பிழைப்பு தெளிவாகக் குறைந்தது. அடுத்த வேட்கையில் வெளியேறப்போகும் முட்டைகள் அந்த வாரங்களில்தான் சூலகத்தில் முதிர்ந்துகொண்டிருக்கின்றன. தாய் பட்டினி கிடக்கும்போது இன்சுலின் தாழ்கிறது. மூளையிலிருந்து சூலகத்தை இயக்கும் ஓமோன் துடிப்புகள் தளர்கின்றன. முட்டைகள் சீராக முதிர்வதில்லை. சீரற்று முதிர்ந்த முட்டைகளிலிருந்து வரும் முளையங்களும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. முந்திய முளையங்கள் பன்னிரண்டாம் நாளில் ஈஸ்திரஜனைச் சுரந்து கருப்பையின் சூழலை மாற்றிவிடும்போது, பிந்தியவை அந்தச் சூழலைத் தாங்காமல் இறக்கின்றன. இரண்டாம் ஈற்றில் குட்டி குறைவதற்கு நம் பகுதியில் மிகப் பெரிய காரணம் இதுவே என்று, பல ஆண்டுகள் பண்ணை பண்ணையாகச் சென்ற அனுபவத்தில் சொல்கிறேன்.

கன்னிப் பன்றிக்கும் இதே நியாயம் பொருந்தும். எதிர்பார்க்கும் வேட்கைக்கு முந்திய பத்து முதல் பதினான்கு நாட்களுக்குத் தீவனத்தை நன்றாகக் கூட்டுங்கள். வெளியேறும் முட்டைகள் கூடும். சேர்த்த அன்றே 2 கிலோவுக்கு இறக்குங்கள். தம்பி செய்து வருவது இதன் தலைகீழ்: சேர்க்கும் வரை சாதாரணமாகக் கொடுத்து, சேர்த்த பின் கூட்டுவது.

செட்டிகுளம்_சோளக்காணி:

பூஞ்சணம் என்று ஐயா ஒரு சொல்லில் கடந்து சென்றதை விரிவாக அறிய விரும்புகிறேன். விற்க முடியாமல் மழையில் நனைந்த சோளத்தைப் பன்றிக்குக் கொடுப்பது எங்கள் பக்கத்தில் வழமை. மாடு தின்னாததையும் பன்றி தின்னும் என்று சொல்லிக் கொடுக்கிறார்கள்.

அறிவியல்நகர்_மாணவி:

தயவுசெய்து சினைப் பன்றிக்கு அதைக் கொடுக்க வேண்டாம். நனைந்த சோளத்தில் வளரும் பியூசேரியம் பூஞ்சணம் சியரலெனோன் என்ற நஞ்சை உருவாக்குகிறது. அது உடலுக்குள் ஈஸ்திரஜனைப்போலவே செயற்படுகிறது. பண்ணை விலங்குகளில் அதற்கு மிகவும் பாதிக்கப்படுவது பன்றிதான். ஏழு முதல் பத்தாம் நாள் வரையான காலத்தில் அதை உட்கொண்ட பன்றிகளில் முளையங்கள் முற்றாக இறந்ததை ஆய்வுகள் காட்டியுள்ளன. முளையங்களே ஈஸ்திரஜனைக் கொண்டு அறிவிப்பதால், நஞ்சு அந்த அறிவிப்பைப் பொய்யாகக் கொடுத்துவிடவும் கூடும். அப்போது பன்றி சினையில்லாமலேயே சினைப்பட்டதுபோல் வேட்கைக்கு வராமல் இருந்துவிடும். பருவமடையாத பெண் குட்டிகளின் பெண்குறி காரணமின்றி வீங்கிச் சிவந்திருந்தால், முதலில் சோள மூடையைத் திறந்து பாருங்கள். ஈரத்தில் கிடந்த தேங்காய்ப் புண்ணாக்கிலும் நிலக்கடலைப் புண்ணாக்கிலும் அஃபிளாடொக்சின் உருவாகும். அது ஈரலைக் கெடுக்கும். வெயிலில் காயவைப்பதாலோ கொதிக்கவைப்பதாலோ இந்த நஞ்சுகள் போய்விடுவதில்லை.

பூநகரி_வெளி:

வெப்பத்தைப் பற்றியும் யாராவது எழுத வேண்டும் என்று காத்திருந்தேன். வைகாசி முதல் புரட்டாதி வரை எங்கள் வெளியில் நிழலே அரிது. தகரக் கூரையின் கீழ் மதியத்தில் பன்றிகள் வாயைத் திறந்து மூச்சு வாங்குகின்றன. அந்த மாதங்களில் சேர்த்தவை குறைவாக ஈனுவதை அயலிலும் கேள்விப்படுகிறேன்.

ஓய்வுநிலை_கால்நடை_வைத்தியர்:

பன்றிக்கு வியர்வையால் உடலைக் குளிர்விக்க முடியாது. சேர்த்த பின் வரும் முதல் இரண்டு வாரங்களில், சிறப்பாக எட்டாம் நாள் முதல் பதினாறாம் நாள் வரை, கடும் வெப்பம் முளையங்களைக் கொல்கிறது. தகரத்தின் மேல் கிடுகு வேய்ந்து, பகலில் சில தடவை உடலில் தண்ணீர் தெளித்து, தீவனத்தை அதிகாலையிலும் பொழுது சாய்ந்த பின்னும் கொடுங்கள். சேர்த்த நான்காம் நாள் முதல் இருபத்தெட்டாம் நாள் வரை பன்றிகளை இடம் மாற்றாதீர்கள்; புதிய கூட்டத்தோடு கலக்காதீர்கள். இந்த நாட்களில் சண்டையும் ஏற்றியிறக்கலும் வெப்பத்துக்கு ஒப்பான சேதத்தைச் செய்யும்.

காலத்தைத் தெரிவு செய்ய முடிந்தவர்கள் மாசி மாதத்தில் சேர்ப்பது நல்லது. வெயில் உச்சத்தை அடைவதற்கு முன் முதல் மாதம் கடந்துவிடும். காலபோக அறுவடையின் புதுத் தவிடும் அப்போதுதான் ஆலைகளில் கிடைக்கும். சினைக் காலம் 114 நாட்கள் என்பதால் ஆனி மாத அளவில் ஈன்று, நத்தாருக்குக் குட்டிகள் ஆறு மாதம் நிரம்பி விற்பனைக்குத் தயாராகிவிடும்.

மாங்குளம்_வளர்ப்பாளர்:

ஐயாவுக்கும், முருங்கன் அக்காவுக்கும், தங்கச்சிக்கும் மிக்க நன்றி. கன்னிப் பன்றிக்கு முதலில் கூட்டிப் பின் குறைப்பது, மெலிந்த தாய்க்குக் குறைக்காமல் கொடுப்பது என்பது தெளிவாகிவிட்டது. ஆனால் 2 கிலோ என்பது கலப்புத் தீவனக் கணக்கு. என்னிடம் இருப்பதோ கடை மிச்ச வாளி. அதை எப்படிக் கணக்கிடுவது? வேலியில் நிற்கும் இபில் இபில் இலையை வெட்டிப் போடலாமா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

அறிவியல்நகர்_மாணவி:

கலப்புத் தீவனத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு உலர்பொருள். கடை மிச்சத்தில் நாலில் மூன்று பங்குக்கும் மேல் தண்ணீர்தான். எனவே 2 கிலோ கலப்புத் தீவனத்துக்கு ஈடாக வேண்டுமானால், மிச்சம் மட்டும் 8 முதல் 9 கிலோ தேவைப்படும். கஞ்சித் தண்ணீர் கலந்திருந்தால் அதற்கும் மேல். வயிறு நிறைந்த பன்றி ஊட்டம் நிறைந்த பன்றியாக இருக்க வேண்டியதில்லை என்பதால், முருங்கன் அக்கா குறிப்பிட்ட இடுப்பெலும்பைக் கையால் அழுத்திப் பார்த்து முடிவு செய்வது வாளிக் கணக்கைவிட நம்பகமானது. அழுத்தினால் மட்டும் எலும்பு தட்டுப்படுவது நல்ல நிலை. பார்வைக்கே தெரிந்தால் மெலிவு. அழுத்தியும் தட்டுப்படாவிட்டால் கொழுப்பு.

முருங்கன்_பெண்_வளர்ப்பாளர்:

தவிட்டைப் பற்றியும் ஒரு சொல். உமி கலந்த தவிடு மலிவு என்று வாங்கினால் பன்றிக்கு அதில் ஒன்றும் சேராது. பச்சையரிசித் தவிடு விரைவில் காறிவிடும். காறிய எண்ணெய் விற்றமின் ஈயை அழிக்கிறது. புழுங்கல் அரிசித் தவிடு அதைவிட நாள் தாங்கும். நான் மணத்துப் பார்த்து, கசப்பு மணம் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவேன். பால் கொடுக்கும் தாய்க்குத் தவிட்டோடு உப்பில்லாத மீன் தூளும் சேர்க்கிறேன். தேங்காய்ப் புண்ணாக்கில் புரதம் இருந்தாலும் பன்றிக்கு முதன்மையாகத் தேவைப்படும் லைசின் என்ற புரதக் கூறு அதில் குறைவு என்று எங்கள் கால்நடை வைத்தியர் விளக்கிய பிறகே அதைத் தொடங்கினேன்.

ஓய்வுநிலை_கால்நடை_வைத்தியர்:

இபில் இபில் இலையைச் சினைப் பன்றிக்குக் கொடுக்காதீர்கள். அதிலுள்ள மிமோசின் என்ற பொருள் கன்னிப் பன்றிகளில் முளையங்கள் இறந்து உறிஞ்சப்படக் காரணமாகிறது. ஆட்டுக்குப் போடுங்கள், அதுவும் அளவோடு. பன்றிக்கு முருங்கை இலை நல்லது. முளையத்துக்கு வேண்டிய போலிக் அமிலமும் விற்றமின் ஏயின் மூலப்பொருளும் அதில் உண்டு. கடை மிச்சத்தைக் கட்டாயம் கொதிக்கவைத்தே கொடுக்க வேண்டும். 2024இல் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் நம் நாட்டிலும் உறுதியான பிறகு இதில் தளர்வுக்கு இடமேயில்லை. ஆனால் நீண்ட நேரம் கொதிக்கும்போது போலிக் அமிலத்தின் பெரும்பகுதி அழிந்துவிடுவதால், முருங்கை இலையை அதோடு சேர்த்து அவிக்காமல், வாளி ஆறிய பின் பச்சையாகக் கலந்து கொடுங்கள்.

தம்பி, ஒரு மாதத்தில் திரும்பி வந்த பன்றிகளைப் பற்றி மட்டும் இங்கே முடிவு சொல்ல முடியாது. பார்வோ வைரஸ் முதல் ஈற்றுப் பன்றிகளில் சரியாக இப்படித்தான் காட்டும். அடுத்து சேர்ப்பதற்கு முன், உங்கள் பிரிவுக் கால்நடை வைத்திய அலுவலகத்தில் தடுப்பூசியைப் பற்றிக் கேளுங்கள். சேர்த்த நாளையும், திரும்பி வேட்கைக்கு வந்த நாளையும், ஒவ்வொரு ஈற்றிலும் கருகிய குட்டிகள் இருந்தனவா என்பதையும் ஒரு கொப்பியில் எழுதி அங்கே கொண்டு செல்லுங்கள். அந்தத் திகதிகள் இருந்தால் வைத்தியரின் பாதி வேலை முடிந்துவிடும்.